பரம்பரையும் தற்செயலும்

(நமது சங்கத்து அங்கத்தவர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



ஒரு வீட்டிலே குழந்தை பிறந்தால் உறவினர் தொட்டிலைச் சூழ்ந்து நின்று பங்கு பிரிக்கத் தொடங்கிவிடுவர். மூக்கு அப்பாச்சியினுடையது, நிறம் அம்மம்மாவின் பக்கம், காது மாமனுடையது என்று ஆளுக்கொன்று சொல்லுவர். காணி பங்கிடுவதில் வழக்கு வரும்; இந்தப் பங்கீட்டிலே வழக்கு வருவதில்லை. ஆனால் இப்படிப் பங்கிட்டது யார் என்று ஒருவரும் கேட்பதுமில்லை. அந்தக் கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க எண்ணினோம். விடையையும் முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்: பெரும்பாலும் தற்செயல்.

முன்வரிசையிலுள்ள பெரியவர்கள் சிலருக்கு இந்தச் சொல் உவப்பாயிராது என்பதை அறிவோம். எல்லாம் தற்செயலென்றால் ஒழுங்கு எங்கே என்று அவர்கள் கேட்கலாம். தற்செயலுக்கே ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை அறியாமையால் நம்மவர் வீடுகளிலே வீண் கண்ணீர் சிந்தப்படுகின்றது. இதனைச் சொல்லவே வந்தோம்.

1865 ஆம் ஆண்டு பெப்ருவரி 8 ஆந் திகதி, இன்று செக் நாட்டிலுள்ள புரூன் நகரத்திலே, இயற்கை ஆய்வுச் சங்கமொன்றின் கூட்டத்தில் கிரகோர் மெண்டல் என்னும் துறவி ஒரு பேச்சு நிகழ்த்தினார். முடியாத பகுதியை அடுத்த மாதம் வந்து பேசினார். நம்முடையதைப் போல ஒரு சங்கக் கூட்டந்தான். பேச்சு மறு வருடம் அச்சாயிற்று. 1884 இல் அவர் இறந்தார். 1900 ஆம் ஆண்டிலே மூவர் அதனை மீண்டும் கண்டெடுக்கும்வரை உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. சங்க மலர்களிலே எழுதுவோருக்கு இது ஆறுதல் தரும் செய்தி.

மெண்டல் செய்தது என்ன? மடத்துத் தோட்டத்திலே பட்டாணிச் செடிகளை வளர்த்தார். உருண்டை வித்துள்ள இனத்தையும் சுருங்கிய வித்துள்ள இனத்தையும் கலந்தார். முதற் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அவற்றைத் தம்முள்ளே கருக்கட்டவிட்டபோது சுருங்கல் மீண்டும் தோன்றியது. 253 செடிகளிலிருந்து கிடைத்த 7,324 வித்துக்களை எண்ணினார்: உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உள்ளது. ஆனால் அவர் எழுதிவைத்த வேறொரு விவரம் நமக்கு இதனினும் முக்கியம். ஒரு செடியிலே உருண்டை 43, சுருங்கியவை 2 மாத்திரம். இன்னொரு செடியிலே உருண்டை 14, சுருங்கியவை 15. ஒரே விதிக்கு உட்பட்ட இரு செடிகள் இப்படி ஏன் வேறுபட்டன? ஒவ்வொரு வித்தும் தனித்தனித் தாய எறிதல் என்பதனாலேதான். சில எறிதல்களைப் பார்த்தால் தாறுமாறு. ஏழாயிரத்தைப் பார்த்தால் ஒழுங்கு.

(1936 இல் பிஷர் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் மெண்டலின் எண்களை ஆராய்ந்து, அவை எதிர்பார்த்த விகிதத்துக்கு அளவுக்கு மிஞ்சி நெருக்கமாக உள்ளன என்று ஐயுற்றார். தற்செயலுக்கு இருக்கவேண்டிய தளம்பல்கூட அங்கே இல்லையாம். அந்த வாதம் நெடுங்காலம் நடந்தது. விதி பிழையென்று அதனாலே எவரும் சொல்லவில்லை.)

இந்தத் தாயம் எங்கே எறியப்படுகின்றது? நமது உடலின் கலங்களில் 46 நிறமூர்த்தங்கள் 23 சோடிகளாக உள்ளன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தகப்பன் தந்தது, மற்றது தாய் தந்தது. பரம்பரையலகுகள் இவற்றிலேதான் வரிசையாக அமைந்துள்ளன. நாம் பிள்ளைக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு சோடியிலும் ஒன்றைத்தான் கொடுக்கின்றோம். எந்த ஒன்று? அதை நாம் தீர்மானிப்பதில்லை. 23 முறை நாணயம் சுண்டுவது போன்றது அது. அவ்வாறு ஒருவர் கொடுக்கக்கூடிய சேர்க்கைகள் 83,88,608. தாய் தகப்பன் இருவரையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 70 இலட்சங் கோடி. நிறமூர்த்தங்கள் பிரியுமுன் தம்முள்ளே துண்டுகளை மாற்றிக்கொள்வதையும் கணக்கிலெடுத்தால் எண் சொல்லி மாளாது.

83,88,608 என்றவுடன் ஓர் இளைஞர் பக்கத்திலிருப்பவரின் காதிலே ஏதோ சொல்வதைக் காண்கின்றோம். ஊகிக்க முடிகின்றது. எண்பத்துநான்கு இலட்சம் யோனி பேதம் என்று நமது நூல்கள் சொல்வதற்கு இது மிகவும் கிட்ட வருகின்றதே என்பதுதானே? கிட்டத்தான் வருகின்றது. ஆனால் நூல்கள் சொல்வது உயிர்வகைகளின் தொகை. இது ஒரு மனிதன் கொடுக்கக்கூடிய சேர்க்கைகளின் தொகை. இரண்டும் ஒத்துவந்தது தற்செயல். இதைக் கொண்டு முன்னோருக்கு நிறமூர்த்தம் தெரியும் என்று மேடையிலே முழங்குவது முன்னோருக்குச் செய்யும் மரியாதையாகாது.

இனி வீட்டுக்கு வருவோம். நாலு பிள்ளைகள் பெற்றால் இரண்டு ஆண், இரண்டு பெண் என்பதே இயல்பென்று பலரும் எண்ணுகின்றோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆணும் பெண்ணும் சம வாய்ப்பு என்று கொண்டால், பதினாறு குடும்பங்களில் சராசரியாக ஆறிலேதான் இரண்டுக்கு இரண்டு வரும். எட்டிலே மூன்றுக்கு ஒன்று வரும். ஒன்றிலே நாலும் பெண், ஒன்றிலே நாலும் ஆண். ஆகவே எந்த ஊரிலும் நாலும் பெண்ணான வீடுகள் சில இருந்தே தீரும். அந்த வீட்டுத் தாயை மாமியார் வீடு எப்படிப் பார்த்தது என்று இங்குள்ள பெரியம்மாக்களுக்குத் தெரியும். 1905 இல் நெற்றி ஸ்ரீவன்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு வண்டினத்திலே ஆண் பெண் பேதத்தை நிறமூர்த்தத்திலே கண்டு காட்டினார். மனிதரிலும் அவ்வாறே: தாய் கொடுப்பது எப்போதும் எக்ஸ், தகப்பன் கொடுப்பது எக்ஸ் ஆனால் பெண், வை ஆனால் ஆண். குற்றஞ் சாட்டித்தான் தீரவேண்டுமானால் ஆண் பக்கத்தைச் சாட்டவேண்டும். அதுவும் நியாயமன்று, அவர் நாணயத்தைச் சுண்டியவரல்லர்.

இதைவிடத் துன்பமான ஒன்றையும் சொல்லவேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் முதற் பிள்ளை பிறக்கும்போது நல்ல சுகமாயிருந்தது. ஒரு வயது ஆகுமுன் வெளிறிச் சோர்ந்துவிட்டது. இரத்தத்தைப் பரிசோதித்து, தலசீமியா என்றனர் வைத்தியர்கள். இரத்தத்தின் செந்நிறப் பொருளைச் சரியாக ஆக்க முடியாத பரம்பரை நோய் அது. மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றிய இரத்தத்தால் உடலிலே தேங்கும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும். தாயும் தகப்பனும் திடகாத்திரமானவர்கள். இருவரும் அந்தப் பிழைபட்ட அலகு ஒன்றையும் நல்ல அலகு ஒன்றையும் காவுவோர். இப்படியானவரைக் காவிகள் என்பர். காவிகள் இருவர் சேர்ந்தால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. காவியாகும் வாய்ப்பு நாலில் இரண்டு. முற்றாகத் தப்பும் வாய்ப்பு நாலில் ஒன்று.

அந்த வீட்டிலே நாலில் ஒன்று என்ற சொல்லைக் கேட்ட ஓர் உறவினர், நல்லெண்ணத்துடனேயே, "ஒன்று வந்து முடிந்ததுதானே; இனி வரும் மூன்றுக்கும் பயமில்லை" என்றாராம். அவர்களும் நம்பினர். இரண்டாவது பிள்ளைக்கும் அதே நோய்.

தாயக்கட்டைக்கு ஞாபகமில்லை. போன முறை விழுந்ததை நினைத்து இந்த முறை இரங்குவதுமில்லை, வஞ்சம் வைப்பதுமில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு புதிதாக நாலில் ஒன்றே. இரு காவிகள் நாலு பிள்ளை பெற்ற 256 குடும்பங்களை எடுத்தால், சராசரியாக 108 இலே ஒரு பிள்ளைக்கு நோய். 67 இலே ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நோய். 81 இலே ஒன்றுக்குமில்லை. இந்த 81 குடும்பத்தாரும் "எங்கள் பரம்பரையிலே அப்படியொன்றும் இல்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவர். பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் தெரியாது.

அந்தத் தாய் எம்மிடம் கேட்டது ஒரே கேள்வி: "நாங்கள் என்ன பிழை செய்தோம்?" ஒருவரும் ஒரு பிழையும் செய்யவில்லை என்று சொன்னோம். கன்மத்தைப் பற்றிப் பெரியோர் கூறியவற்றை இங்கே தொடமாட்டோம். அது நம் தகுதிக்கு மேற்பட்டது. ஆனால் விதி என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: ஊழ் என்பது ஒன்று, ஒழுங்குமுறை என்பது மற்றது. பிள்ளையின் நோயைக் கேட்டுத் தலையிலடித்துக்கொள்வோர் முதற்பொருளிலே சொல்கின்றனர். இரண்டாவது பொருளிலே அதை அறிந்துகொண்டால் செய்வதற்கு ஏதாவது கிடைக்கின்றது.

இதுவரை சொன்னது இருக்கும் சீட்டுக்களைக் கலைத்துப் பகிர்வது மாத்திரம். புதிய சீட்டு எப்படி வருகின்றது? அலகுகளிலே திடீரென ஏற்படும் மாற்றத்தை விகாரம் என்கின்றோம். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையிலும் பெற்றோரிடம் இல்லாத புதிய விகாரங்கள் ஏறத்தாழ அறுபது எழுபது உண்டு. பெரும்பாலானவை நன்மையும் செய்யா, தீமையும் செய்யா. ஆனால் தேவையைக் கண்டு விகாரம் வருகின்றதா, தேவையைப் பாராமல் வருகின்றதா என்பது நெடுங்காலம் தீராத கேள்வி.

அதைத் தீர்த்தவர்களுள் ஒருவர் இத்தாலியிலே பிறந்து, பாசிசக் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சென்ற சல்வடோர் லூரியா. பற்றீரியாக்களைக் கொல்லும் வைரசுகளை அவர் ஆராய்ந்தார். கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் மடியும்போது சில மாத்திரம் தப்பிப் பெருகும். அவை வைரசைச் சந்தித்தபின் எதிர்க்கக் கற்றனவா? அல்லது சந்திக்குமுன்பே தற்செயலாக மாறியிருந்தனவா? பல்கலைக்கழகத்தார் நடத்திய ஒரு நடனவிழாவிலே, காசு போட்டு ஆடும் சூதாட்டப் பொறியில் நண்பரொருவர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வழி தோன்றியதாம். அந்தப் பொறி பலமுறை ஒன்றுமே கொடாது. எப்போதோ ஒருமுறை அள்ளிக் கொட்டும்.

லூரியா பற்றீரியாக்களைத் தனித்தனிக் குழாய்களிலே வளர்த்து, பின்னர் எல்லாவற்றையும் வைரசிடம் விட்டார். சந்தித்தபின் கற்பதானால் எல்லாக் குழாயிலும் தப்பியவை ஏறக்குறைய ஒரே தொகையாக இருக்கவேண்டும். தற்செயலாக முன்பே மாறுவதானால் முந்திக்கொண்டு மாறிய குழாயிலே பெருந்தொகை, மற்றவற்றிலே ஒன்றுமில்லை என்றாகவேண்டும். ஒரு பரிசோதனையில் இருபது குழாய்கள். பதினொன்றிலே தப்பியது ஒன்றுமில்லை. சிலவற்றிலே ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு. ஒன்றிலே 35, ஒன்றிலே 64, ஒன்றிலே 107! சூதாட்டப் பொறியேதான். மக்ஸ் டெல்புரூக் என்பவர் அதற்குக் கணிதம் அமைத்தார். 1943 இல் இருவரும் வெளியிட்ட அந்தக் கட்டுரை பின்னர் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமானவற்றுள் ஒன்று.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். விகாரம் தற்செயல் என்றால் காரணமின்றி வருவது என்பது பொருளன்று. எக்ஸ்கதிர் பட்டால் விகாரம் கூடும் என்று 1927 இலேயே மலர் என்னும் அறிஞர் பழ ஈக்களில் காட்டிவிட்டார். கலம் பிரியும்போது படியெடுப்பதிலே பிழை விடுவதும் காரணந்தான். உயிருக்கு எது தேவை என்பதை அந்தக் காரணம் அறியாது என்பதே பொருள். வைத்தியர் தந்த கிருமிக்கொல்லி மருந்தைப் பாதியில் நிறுத்துவோரும் இதை நினைவிற்கொள்ளல் நன்று. எதிர்க்கும் கிருமியை மருந்து படைப்பதில்லை. தற்செயலாக உண்டானதை விட்டு மற்றவற்றைக் கொன்று, அதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கின்றது.

ஆகவே கூர்ப்பு முழுவதும் தற்செயல் என்பதும் பிழை. சீட்டுத் தருவது தற்செயல். எதை வைத்துக்கொள்வது என்பதைச் சூழல் தீர்மானிக்கின்றது. 1859 இல் டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு இதுவே. மேலே சொன்ன தலசீமியாவே நல்ல உதாரணம். பிள்ளைகளைக் கொல்லும் ஓர் அலகு எப்போதோ அழிந்திருக்கவேண்டாமா? அது ஏன் மத்தியதரைக்கடற் கரையிலிருந்து நமது நாடு வரை பரவிக்கிடக்கின்றது? 1949 இல் ஹால்டேன் ஒரு விடை சொன்னார். (இவர் பின்னர் இந்தியாவிலே குடியேறி 1964 இல் புவனேசுவரத்தில் காலமானவர்.) காவிகள் மலேரியாவுக்குத் தாக்குப்பிடிப்பவராயிருக்கலாம் என்பது அவர் எண்ணம். பிந்திய ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தின. அந்த அலகு மலேரியாவை நினைத்துப் பிறந்ததன்று. தற்செயலாகப் பிறந்தது, நுளம்பு நிறைந்த நாட்டிலே காவிகள் மற்றவரைவிட அதிகம் உயிர்தப்பியதால் நிலைத்தது.

நமது நாட்டிலே 1934, 1935 ஆம் ஆண்டுகளின் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோயிற்று. மூத்த தலைமுறையார் அதைச் சொல்லக் கேட்டவர் இங்கே இருப்பர். குருநாகல் பகுதி மிகவும் அடிபட்ட இடங்களுள் ஒன்று. இன்று அதே குருநாகலிலேதான் தலசீமியாவுக்கெனத் தனி நிலையம் உள்ளது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நுளம்போடு போராடிய சுகாதார ஊழியருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அலகுக்கு இந்தச் செய்தி எட்டாது. காவல் வேண்டாத நாட்டிலே காவற்காரன் இன்னும் வாசலில் நிற்கின்றான். கூலியைப் பிள்ளைகள் கொடுக்கின்றனர்.

தேர்வுக்கு வேலையில்லாத இடத்திலும் தற்செயல் தனியே நின்று ஒரு சமூகத்தை மாற்றிவிடும். பசிபிக் கடலிலே மைக்குறொனீசியத் தீவுகளுள் பிங்கெலாப் என்று ஒரு சிறு தீவு உண்டு. 1775 ஆம் ஆண்டளவில் பெரும்புயல் ஒன்று அதை அழித்தது. புயலுக்கும் அதன் பின்வந்த பஞ்சத்துக்கும் தப்பியவர் ஏறத்தாழ இருபது பேர். அவருள் ஒருவர் நிறமே தெரியாத குருட்டுத்தன்மைக்குரிய அலகைக் காவியவர். உலகிலே முப்பதினாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் அந்தக் குறை, பிங்கெலாப் மக்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வந்துள்ளது. அவர்களுக்குச் செம்பரத்தம்பூவும் அதன் இலையும் ஒரே சாம்பல். வெயிலிலே கண் கூசும். புயல் யாரை விட்டுவைத்தது என்பதற்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை.

ஒரு தீவில் ஒருமுறை நிகழ்ந்ததை மாத்திரம் வைத்து வாதிக்கலாமா என்று கேட்பீர்களாயின், 1956 இல் பீற்றர் பூரி செய்த பரிசோதனையைச் சொல்லலாம். பழ ஈக்களை 107 கூட்டங்களாக வைத்து, ஒவ்வொரு தலைமுறையிலும் கூட்டத்துக்குப் பதினாறு ஈக்களையே எழுந்தமானமாக எடுத்து வளர்த்தார். கண்ணிறத்துக்குரிய ஓர் அலகின் இரு வகைகளும் தொடக்கத்திலே சரிபாதி. பத்தொன்பது தலைமுறையின் பின் 30 கூட்டங்களிலே ஒருவகை அடியோடு அற்றுப்போயிற்று. 28 கூட்டங்களிலே அதே வகை மாத்திரம் மிஞ்சியது. எந்தக் கூட்டம் எந்தப் பக்கம் போகும் என்று முன்னரே சொல்லியிருக்க முடியாது. ஆனால் கூட்டம் சிறிதானால் இப்படித்தான் ஆகுமென்று சொல்ல முடியும்.

நாம் சிறு கூட்டமா, பெருங் கூட்டமா? ஊருக்குள்ளேயே, உறவுக்குள்ளேயே சம்பந்தம் செய்வதை நம்மவர் பெருமையாகக் கொள்வர். மாமன் மகளும் அத்தை மகனும் தம் அலகுகளில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக உடையவர்கள். அந்த வழக்கத்தை இகழ வரவில்லை. காணியும் உறவும் சிதறாமற் காத்தது அது. ஆனால் மறைந்திருக்கும் ஒரே அலகு இருபக்கத்திலிருந்தும் வந்து சந்திக்க அது இடங்கொடுக்கும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

முன்சொன்ன குடும்பத்துத் தகப்பனுக்கு ஒரு தங்கை. அவளுக்குச் சம்பந்தம் பேசினர். சாதகம் பொருந்தியது. தமையன் பிள்ளைகளின் நோயைச் சொல்வதா, மறைப்பதா என்று வீட்டிலே பெரிய வாக்குவாதம். சொன்னால் சம்பந்தம் குழம்பும் என்றனர் பெரியவர்கள். பெண் தானாகவே போய் இரத்தத்தைப் பரிசோதித்தாள். காவி என்று வந்தது. அவளே மாப்பிள்ளைக்குச் சொன்னாள். அவர் வீட்டார் முதலிலே முகத்தை முறித்தனர், "எங்கள் பிள்ளைக்கு இரத்தம் பார்ப்பதா?" என்றனர். அவர் பேசாமற் போய்க் கையை நீட்டினார். அவர் காவியல்லர். ஆவணியிலே கலியாணம் நடந்தது. அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் காவியாகும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. நோயாளியாகும் வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம்.

பரிசோதனைக்கு ஒரு சிறு குப்பி இரத்தம் போதும். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று அறிய விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் எம்மிடம் வரலாம். தலைவர் அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கின்றார். கேள்விகளுக்கு இடம்விட்டு அமர்கின்றோம்.